ட்யூபும் இழுக்க வேண்டும், பெரிய ஏரியின் அலையையும் தாங்க வேண்டும்: குடும்பப் படகு வாங்க முழு வழிகாட்டி

ஒன்டாரியோவில் பனி கரைந்ததுமே படகு வாங்கும் பேச்சு தொடங்கிவிடும். ஸ்கார்பரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கத்து நம் வீடுகளிலும் இப்போது இதைக் கேட்க முடிகிறது. சின்னவர்களுக்குக் காற்றடைத்த ட்யூபில் படகின் பின்னால் இழுபட வேண்டும், பெரியவனுக்கு நின்றபடி சறுக்க வேக்போர்டு வேண்டும், தாத்தா பாட்டிக்கு நிழலில் உட்கார இடம் வேண்டும், அப்புறம் ஒரு சனிக்கிழமை டொராண்டோவில் இருந்து நேராக ஏரியைக் கடந்து நயாகரா-ஆன்-த-லேக் போய் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இதெல்லாம் ஒரே படகில் நடக்குமா என்றால், நடக்கும். ஆனால் எந்த வரிசையில் யோசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலானோர் விளையாட்டில் இருந்து தொடங்குகிறார்கள். கண்காட்சியில் பளபளப்பான ஒரு படகைப் பார்த்து, ஸ்பீக்கரையும் மெத்தையையும் கயிறு கட்டும் உயரமான டவரையும் பார்த்து மயங்கி, கடைசியில்தான் "இது பெரிய ஏரியில் போகுமா?" என்று கேட்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். ட்யூப் இழுப்பதை 150 குதிரைசக்திக்கு மேல் உள்ள ஏறக்குறைய எந்தப் படகும் செய்துவிடும். காற்று எழுந்த மதியத்தில், களைத்துப்போன பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எதிரலையில் 20 கிலோமீட்டர் திரும்பி வருவதை எல்லாப் படகும் செய்யாது. கரடுமுரடான தண்ணீருக்கென்று கட்டிய படகில் விளையாட்டுச் சாமான்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். விளையாட்டுப் படகுக்கு ஆழமான அடிப்பாகத்தைப் பின்னால் சேர்க்க வழியே இல்லை.

படி 1: எந்தத் தண்ணீர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"ஏரிதானே, கடலா என்ன" என்று சொல்பவர்களிடம் படகு ஆலோசனை கேட்காதீர்கள். பெரிய ஏரிகளின் அலை பல நேரங்களில் கடல் அலையைவிடச் சின்னப் படகுக்குக் கொடுமையானது. காரணம் அலையின் உயரம் அல்ல, நெருக்கம்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஆழமான தண்ணீரில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை வினாடி என்று பார்த்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 1.56-ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். கடலில் தொலைவில் இருந்து வரும் 10 வினாடி அலையின் நீளம் 156 மீட்டர். ஒரு மீட்டர் உயரம் இருந்தாலும் படகு அதன்மேல் மெதுவாக ஏறி இறங்கும். ஒன்டாரியோ ஏரியில் காற்று கிளப்பும் அலை பெரும்பாலும் 3, 4 வினாடி இடைவெளியில் வரும். 3 வினாடி என்றால் நீளம் வெறும் 14 மீட்டர். உங்கள் படகு 6.5 மீட்டர். அதாவது மூக்கு பள்ளத்தில் இருக்கும்போது வால் முகட்டில் இருக்கும், அதற்குள் அடுத்த அலை எதிரே நிற்கும். அதே ஒரு மீட்டர் அலைதான், ஆனால் இங்கே அது சுவர் மாதிரி.

ஆழம் குறைந்தால் இன்னும் மோசம். ஒன்டாரியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர். ஈரி ஏரிக்கு அது 19 மீட்டர்தான், அதனால்தான் அங்கே காற்று அடித்த கொஞ்ச நேரத்திலேயே அலை செங்குத்தாகி உடையத் தொடங்குகிறது. சிம்கோ ஏரி சராசரி 15 மீட்டர். தெற்கே குக்ஸ் பே ஒதுக்குப்புறமாக அமைதியாக இருக்கும், பிள்ளைகளை இழுக்க அருமையான இடம். ஆனால் நடு ஏரிக்கு வந்தால் வடமேற்குக் காற்றுக்கு மறைவே இல்லை. ஜார்ஜியன் பே வேறு வகை. முப்பதாயிரம் தீவுகளுக்குள் புகுந்துவிட்டால் அலை குறையும், பதிலாகத் தண்ணீருக்கு அடியில் கருங்கல் பாறைகள். தீவுகளைத் தாண்டி வெளியே வந்தால் மேற்கில் இருந்து வரும் காற்றுக்குத் திறந்த வெளி.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே இறக்குவோம், எங்கே விளையாடுவோம், அதிகபட்சம் எவ்வளவு தூரம் திறந்த நீரைக் கடப்போம். ஆண்டு முழுக்க குக்ஸ் பேயிலும் கவார்த்தா ஏரிகளிலும் மட்டும்தான் என்றால் இந்த வழிகாட்டியின் பாதி உங்களுக்குத் தேவையில்லை, முன்பக்கம் திறந்த இருக்கை உள்ள ஒரு நல்ல பௌரைடர் போதும், பணம் மிச்சம். திறந்த நீர் ஒருமுறையாவது அந்தத் தாளில் வந்துவிட்டால் மேலே படியுங்கள்.

படி 2: எத்தனை பேர், எவ்வளவு எடை

கனடாவில் விற்கப்படும் 6 மீட்டருக்கு உட்பட்ட மோட்டார் படகுகளில் ஒரு தகடு இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைசக்தி வரை என்று அதில் போட்டிருக்கும். அந்த எண் நல்ல வானிலைக்கான உச்ச வரம்பு. பத்துப் பேர் என்று போட்டிருந்தால், அலையில் ஆறு பேரோடுதான் அது நிம்மதியாக ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் சித்தப்பா வீட்டுக்காரர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள், "ஒருத்தர்தானே" என்று ஏற்றுவது நடக்கும். அதனால் வழக்கமாக ஏறுகிறவர்களை எண்ணி, அதோடு இரண்டைக் கூட்டி, அதற்குத் தகுந்த அளவைத் தேடுங்கள்.

எடைக் கணக்கில் மறந்துபோவது பெட்ரோலும் சாமான்களும்தான். 200 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 150 கிலோ. ஐஸ் பெட்டி, ட்யூப், நங்கூரம், கயிறு, பிரியாணிச் சட்டி எல்லாம் சேர்ந்து இன்னும் இரண்டு ஆள் எடை வந்துவிடும்.

கழிப்பறை பற்றிச் சங்கடப்படாமல் வீட்டில் பேசிவிடுங்கள். நான்கைந்து மணி நேரம் தண்ணீரில் இருக்கப்போகும் குடும்பத்தில் பெண்களும் வயதானவர்களும் இருந்தால், கதவு போட்ட சின்ன அறை ஒன்று இருப்பது படகைப் பயன்படுத்துவதா கொல்லையில் மூடி வைப்பதா என்பதையே தீர்மானிக்கும். 21, 22 அடிக்கு மேல் போனால்தான் அது ஒழுங்காகக் கிடைக்கும். கழிவுத் தொட்டியோடு இருக்க வேண்டும், ஏரியில் விட அனுமதி இல்லை.

படி 3: வகையைச் சுருக்குங்கள்

பாண்டூன், அதாவது உலோக உருளைகளின் மேல் தட்டையான தளம் வைத்த படகு, வசதியானது, மூன்று உருளை வைத்தவை வேகமாகவும் ஓடும். ஆனால் செங்குத்தான அலையில் முன்தளத்துக்கு அடியில் அலை மோதும், மூக்கு முங்கினால் தட்டையான தளம் தண்ணீரை அள்ளும். திறந்த நீருக்கு வேண்டாம்.

வேக்போட், அதாவது அலை உண்டாக்குவதற்கென்றே தண்ணீர்த் தொட்டிகள் நிரப்பி ஓட்டும் படகு, விளையாட்டில் அரசன். வேக்சர்ஃபிங், அதாவது படகு எழுப்பும் அலையின் மேல் சறுக்குவது மட்டும்தான் உங்கள் உயிர் என்றால் அதையே வாங்குங்கள், அமைதியான ஏரியில் வையுங்கள். அதன் மூக்கு தாழ்வு, எடை மிக அதிகம், அடிப்பாகம் அலையைப் பிளக்கச் செய்ததல்ல.

பௌரைடர் நடுத்தரம். முன்னால் உட்காரும் இடம் திறந்திருக்கும். நல்ல ஆழமான அடிப்பாகமும் 22 அடிக்கு மேல் நீளமும் உள்ள பௌரைடர் சிம்கோவில் தாராளமாகப் போகும். பலவற்றில் உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியேறாது, அடியில் தேங்கி பம்ப் வழியாகத்தான் போக வேண்டும். அது எனக்குப் பிடிக்காத விஷயம். மூக்கின் மேல் ஒரே ஒரு அலை ஏறி 300 லிட்டர் உள்ளே வந்தால் 300 கிலோ. அதுவும் முன்பக்கத்தில். அடுத்த அலைக்கு மூக்கு எழும்பாது.

சென்டர் கன்சோல், அதாவது ஓட்டும் மேடை நடுவில் இருக்கும் திறந்த படகு, அலையில் சிறப்பு, மீன்பிடிக்க அருமை. ஆனால் காற்று, தெறிப்பு, வெயில் எதற்கும் மறைவு குறைவு. குளிரான மே மாதத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போனால் அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள்.

நான் சொல்லப்போவது டூயல் கன்சோல். இரண்டு பக்கமும் கண்ணாடித் தடுப்போடு கன்சோல், நடுவே நடைவழி, அதை மூடக் கண்ணாடியும் கதவும், முன்னால் இருக்கை, ஒரு கன்சோலுக்குள் கழிப்பறை, உயரமான விளிம்பு, தானாகத் தண்ணீர் வெளியேறும் தளம். சென்டர் கன்சோலின் அடிப்பாகத்தின் மேல் குடும்பத்துக்கான மேல்பாகத்தை வைத்தது போன்ற அமைப்பு. கிரேடி-வைட், பாஸ்டன் வேலர், ரோபலோ, பர்சூட், கோபியா என்று பல நிறுவனங்கள் இந்த வகையைச் செய்திருக்கின்றன. புதிதாக 22 அடி வாங்கினால் ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டிவிடும், அதனால் நம்மில் பலருக்குப் பழைய படகுதான் வழி. அதுவும் நல்ல வழிதான்.

படி 4: அடிப்பாகம். இங்கே அவசரப்படாதீர்கள்

படகை டிரெய்லரில் நிறுத்திப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். அடிப்பாகம் வி வடிவில் இருக்கும். அந்த வி எவ்வளவு சாய்வு என்பதைக் கோணத்தில் சொல்வார்கள், பெயர் டெட்ரைஸ். விற்பவர் சொல்லும் எண் பின்பலகையில், அதாவது படகின் பின்சுவரில் அளந்ததா, முன்னால் அளந்ததா என்று கேளுங்கள். முன்பக்கம் எல்லாப் படகும் கூர்மையாகத்தான் இருக்கும். ஒப்பிட வேண்டியது பின்பலகை எண்.

12, 14 டிகிரி என்றால் நின்றால் ஆடாது, குறைந்த சக்தியில் தண்ணீருக்கு மேலெழுந்து சறுக்கும், ஆனால் எதிரலையில் முதுகெலும்பு வரை அடி விழும். 22 முதல் 24 வரை ஆழமான வி. வேகமாக அலையைப் பிளக்கும். இந்த வடிவத்தை உலகம் நம்பியது 1960-இல். சி. ரேமண்ட் ஹன்ட் வடிவமைத்த மாப்பி என்ற படகை டிக் பெர்ட்ரமின் குழு கொந்தளித்த கடலில் மயாமியில் இருந்து நாசாவ் வரை ஓட்டிப் பந்தயத்தை வென்றது. இன்று திறந்த நீரில் ஓடும் விரைவுப் படகுகளில் மிகப் பல அந்த யோசனையின் வழித்தோன்றல்கள்தான்.

அப்படியானால் 24 டிகிரியையே வாங்கிவிடலாமே? குடும்பத்துக்கு வேண்டாம் என்பேன். ஆழமான வி நிற்கும்போது பக்கவாட்டில் உருளும். நான்கு பேர் ஒரே பக்கம் எழுந்து ட்யூபில் இருப்பவனைப் படம் எடுக்கப் போனால் படகு சாயும், பாட்டி பயப்படுவார். மேலெழவும் கூடுதல் சக்தி, கூடுதல் பெட்ரோல். ஸ்கீ இழுக்கும்போது ஆள் எழ நேரம் எடுக்கும். என் கணக்கில் குடும்பப் படகுக்கு 19 முதல் 21 டிகிரி சரியான இடம். முன்னால் கூர்மை அதிகமாகி, பின்னால் இந்த அளவுக்குத் தணியும் வடிவம் என்றால் இன்னும் நல்லது.

கோணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எடையும் சேர்த்துப் பாருங்கள். 20 டிகிரி உள்ள இலேசான படகைவிட 18 டிகிரி உள்ள கனமான படகு அலையில் மென்மையாக ஓடலாம். ஒரே நீளமுள்ள இரண்டு படகில் ஒன்று 300 கிலோ கனம் என்றால், அந்தக் கனம் எங்கே போனது என்று கேளுங்கள். தடிமனான ஃபைபர்கிளாஸிலும் உள்கட்டிலும் போயிருந்தால் அது நல்ல கனம்.

இன்னொன்று, பெரும்பாலானோர் கேட்கவே கேட்காதது: இந்தப் படகு மேலெழுந்த நிலையில் எவ்வளவு மெதுவாக ஓடும்? தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகாமல் அதன் மேல் சறுக்கி ஓடுவதைத்தான் பிளேனிங் என்கிறார்கள். சில படகுகள் 35 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே வந்தால் தொப்பென்று உட்கார்ந்துவிடும். அலையில் அந்த வேகம் தாங்காது, அதைவிடக் குறைத்தால் மூக்கு வானம் பார்க்கும், எதிரே எதுவும் தெரியாது. 22 முதல் 26 கிலோமீட்டரிலும் சறுக்கிக்கொண்டே ஓடும் படகுதான் உங்களை அமைதியாக வீட்டுக்குக் கொண்டுவரும். பின்பலகையின் அடியில் ஏற்றி இறக்கக்கூடிய இரண்டு சின்னத் தகடுகள், அதாவது டிரிம் டேப், பொருத்தினால் இது நன்றாக மேம்படும், மூக்கைக் கீழே அழுத்திக் கூர்மையான பகுதியால் அலையைப் பிளக்கலாம், ஒரு பக்கம் கனமாக இருந்தால் சமன் செய்யலாம். ஸ்பீக்கருக்குச் செலவழிக்கும் பணத்தை இதற்குச் செலவழியுங்கள்.

படி 5: தண்ணீர் உள்ளே வந்தால்?

தளம் தானாகத் தண்ணீரை வெளியேற்றுமா என்பதை வாய்ச்சொல்லில் நம்பாதீர்கள். படகு தண்ணீரில் இருக்கும்போது ஐந்தாறு பேரைப் பின்பக்கம் நிற்க வைத்து, ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றுங்கள். வெளியே போகிறதா, அல்லது ஓட்டை வழியே ஏரித் தண்ணீர் உள்ளே ஏறுகிறதா என்று கண்ணால் தெரியும்.

முழுக்க நிறைந்தாலும் மிதக்குமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க விதிப்படி 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகள் (எஞ்சின் பின்பலகையில் வெளியே தொங்குபவை) தண்ணீர் நிறைந்தாலும் கவிழாமல் மட்டமாக மிதக்க வேண்டும். 20 அடிக்கு மேல் அந்தக் கட்டாயம் இல்லை, நிறுவனத்தின் விருப்பம். பாஸ்டன் வேலர் இதை வைத்தே பெயர் வாங்கியது. 1961-இல் அதன் நிறுவனர் தம் 13 அடிப் படகைத் தண்ணீரிலேயே இரண்டாக அறுத்துப் பாதியில் உட்கார்ந்து மிதந்து காட்டினார். உள்ளே நுரை நிரப்பிய கட்டுமானம் அது. பெரிய படகு வாங்கும்போது "நிறைந்தால் மட்டமாக மிதக்குமா?" என்று நேராகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஐரோப்பிய முத்திரை உள்ள படகுகளில் ஏ, பி, சி, டி என்று வகை போட்டிருக்கும். சி என்றால் 2 மீட்டர் வரை அலை, பி என்றால் 4 மீட்டர் வரை. இது கட்டுமானத்துக்கான வரம்பு, உங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்கான வரம்பு அல்ல. சி வகையை வைத்துக்கொண்டு 2 மீட்டர் அலையில் போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு மீட்டர் என்று முன்னறிவிப்பு சொன்னாலே ட்யூப் நாள் முடிந்தது.

படி 6: எஞ்சின்

அவுட்போர்டா, ஸ்டெர்ன்டிரைவா? ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சின் படகுக்குள் பின்பக்கம் இருக்கும், விசிறி உள்ள பகுதி மட்டும் வெளியே. விளையாட்டுக்கு அது அழகு. பின்னால் அகலமான மேடை கிடைக்கும், கயிறுக்கு எதுவும் குறுக்கே இல்லை. ஆனால் நம் ஊர்க் குளிரில் எஞ்சின் பிளாக்கில் தண்ணீர் தங்கி உறைந்தால் இரும்பே வெடிக்கும். தண்ணீருக்கு அடியில் ரப்பர் உறைகள் உண்டு, அவை கிழிந்தால் படகுக்குள் தண்ணீர். அவுட்போர்டில் இந்த இரண்டு கவலையும் இல்லை, நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும், பழுது பார்ப்பதும் எளிது. திறந்த நீருக்கு நான் அவுட்போர்டு பக்கம். கயிறு எஞ்சினில் மாட்டாமல் இருக்க மேலே உயர்த்திய இழுவைக் கம்பம் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

சக்தி: 21, 22 அடி டூயல் கன்சோலுக்கு 200 முதல் 250 குதிரைசக்தி. நிறுவனம் அந்தப் படகுக்குச் சொல்லும் உச்ச அளவை ஒட்டியே வாங்குங்கள். 150 போட்டு விலையைக் குறைத்து விற்கும் படகு ஆறு பேரோடும் ஒரு வேக்போர்டு ஆளோடும் திணறும். அலையில் தேவையான நொடியில் சக்தி இல்லாமல் போவது ஆபத்தும்கூட.

பெட்ரோலுக்கு ஓர் எளிய கணக்கு: முழு வேகத்தில் குதிரைசக்தியைப் பத்தால் வகுத்தால் மணிக்கு அத்தனை அமெரிக்க காலன். 200 என்றால் 20 காலன், ஏறக்குறைய 75 லிட்டர். சாதாரண ஓட்டத்தில் அதில் பாதிக்கும் குறைவு. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மீதி ஒரு பங்கைத் தொடக் கூடாது.

படி 7: இழுக்கும் ஏற்பாடு

வேக்சர்ஃபிங் பற்றி முதலில் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். அதில் ஆள் படகுக்கு மிக அருகில் நிற்பார். விசிறி (புரொப்பெல்லர்) படகின் அடியில் உள்ளே தள்ளி இருக்கும் இன்போர்டு, அல்லது விசிறி முன்பக்கம் பார்த்திருக்கும் டிரைவ் உள்ள படகு, இவற்றின் பின்னால் மட்டும்தான் செய்யலாம். அவுட்போர்டு பின்னாலும் சாதாரண ஸ்டெர்ன்டிரைவ் பின்னாலும் ஒருபோதும் கூடாது. டூயல் கன்சோல் வாங்கினால் இந்த ஒரு விளையாட்டை விட்டுவிட வேண்டும், பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மற்றவை எல்லாம் முடியும். ட்யூப் என்றால் சின்னவர்களுக்கு மணிக்கு 24 கிலோமீட்டருக்குள், பெரியவர்களுக்கும் 32-ஐத் தாண்ட வேண்டாம். வேக்போர்டுக்கு 29 முதல் 35. ட்யூபைப் பின்பலகையின் கொக்கியிலோ தாழ்வான கம்பத்திலோதான் கட்ட வேண்டும், உயரமான டவரில் கட்டினால் ட்யூப் பக்கவாட்டில் வீசும் இழுப்பில் டவர் வளையும், படகும் சாயும். கயிறு 50 முதல் 65 அடி. ஒருவர் ட்யூபுக்கு 1,500 பவுண்டு தாங்கும் கயிறு, இருவருக்கு 2,375, மூவருக்கு 3,350, நால்வருக்கு 4,100. உறையில் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். இருவர் கயிறில் நால்வரை இழுத்து அது அறுந்தால், சவுக்கு மாதிரி திரும்பி வந்து படகில் இருப்பவர் முகத்தில் அடிக்கும்.

கனடாவின் சட்டம்: ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் இழுபடுபவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இழுபடும் ஒவ்வொருவருக்கும் படகில் இருக்கை காலியாக இருக்க வேண்டும், சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு விடியும் வரை இழுக்கக் கூடாது. இருக்கை விதியை அளவு முடிவு செய்யும்போதே நினைவில் வையுங்கள். ஏழு இருக்கையில் ஏழு பேரை ஏற்றிவிட்டு இரண்டு பேரை ட்யூபில் இழுக்க முடியாது.

விழுந்தவரை ஏற்றும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். நியூட்ரல் போதாது. பின்மேடையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி ஓடுவதற்கும் அனுமதிக்காதீர்கள். விசிறி ஒரு காரணம், கார்பன் மோனாக்சைடு இன்னொன்று. மெதுவாகப் போகும்போது புகை பின்பக்கம் சுழன்று தங்கும், வாசனையே தெரியாது.

படி 8: இழுக்கப்போகும் வண்டி

இதைப் படகுக்கு முன் பார்க்க வேண்டும், யாரும் பார்ப்பதில்லை. டொயோட்டா சியன்னா 3,500 பவுண்டு, அதாவது 1,588 கிலோ வரைதான் இழுக்கும். 22 அடி டூயல் கன்சோல், டிரெய்லர், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்ந்தால் 2,300 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பிக்கப் வேண்டும், இல்லாவிட்டால் மரினாவில், அதாவது படகு நிறுத்துமிடத்தில், இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒன்டாரியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2022 முதல் இன்னொரு விதி: ஓர் ஏரியில் இருந்து படகை எடுத்துச் சாலையில் போகும் முன் செடி கொடிகளை நீக்கி, அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும்.

படி 9: பழைய படகைப் பரிசோதிக்கும்போது

பின்பலகைதான் முதல் சந்தேகம். எஞ்சினை நிமிர்த்தி, அதன் கீழ்ப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பலகை சேர்ந்து அசைந்தால், ஆணிகளைச் சுற்றி விரிசல் இருந்தால், உள்ளே மரம் ஊறிப்போயிருக்கிறது. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், ஊறிய இடத்தில் மொத்தென்று கேட்கும். தளத்தில் நடக்கும்போது மெத்தென்று அமுங்கினால் வேறு படகைப் பார்க்கலாம்.

எஞ்சின் ஓடிய மணி நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பத்து வருடத்தில் 80 மணி மட்டும் ஓடிய எஞ்சின், ஒழுங்காகப் பராமரித்து 500 மணி ஓடியதைவிட மோசமாக இருக்கலாம். எல்லா சிலிண்டரிலும் அழுத்தம் அளந்து, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். கியர் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரிய தொகை என்றால் படகைப் பரிசோதித்து அறிக்கை தரும் சுயேச்சையான சர்வேயரை அமர்த்துங்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். படகின்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்தக் கடன் உங்கள் தலையில் விழும்.

படி 10: காற்று அடிக்கும் மதியத்தில் ஓட்டிப் பாருங்கள்

விற்பவர்கள் காலை எட்டு மணிக்கு, ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும்போது கூப்பிடுவார்கள். மரியாதையாக மறுத்து, மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று அடிக்கும் மதியத்தைக் கேளுங்கள். குடும்பத்தோடு போங்கள், எடை வேண்டும், அவர்கள் கருத்தும் வேண்டும்.

எதிரலையில் மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டுங்கள், எந்த வேகத்தில் அடி தாங்க முடியாமல் போகிறது என்று கவனியுங்கள். பிறகு பக்கவாட்டில் அலை வாங்கி ஓடுங்கள், தெறிப்பு முகத்துக்கு வருகிறதா, உருளல் எப்படி என்று பாருங்கள். கடைசியாக அலையோடு சேர்ந்து ஓடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் படகின் குணம் இங்கேதான் வெளிப்படும். மூக்கு முன்னால் உள்ள அலையில் புதைந்து படகு ஒரு பக்கம் திரும்ப முயன்றால், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், அந்தப் படகு வேண்டாம். எஞ்சினை அணைத்து அலையில் ஐந்து நிமிடம் சும்மா மிதந்தும் பாருங்கள். ட்யூப் நாளில் பாதி நேரம் அப்படித்தான் போகும், யாருக்குக் குமட்டுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். மனைவிக்கோ கணவருக்கோ ஓட்டக் கொடுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் கரைக்குக் கொண்டுவரப் போவது அவர்தான். அவரால் எழுந்து நின்றும் உட்கார்ந்தும் மூக்குக்கு மேல் பார்க்க முடிகிறதா?

படி 11: வாங்கிய பிறகு, முதல் பயணத்துக்கு முன்

ஓட்டுபவர் ஒவ்வொருவருக்கும் படகு ஓட்டும் திறன் அட்டை வேண்டும். எஞ்சின் 10 குதிரைசக்தியோ அதற்கு மேலோ இருந்தால் படகுக்கு உரிம எண் எடுத்து மூக்கின் இரு பக்கமும் ஒட்ட வேண்டும். 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள் கூடவே பெரியவர் இல்லாமல் 40 குதிரைசக்திக்கு மேல் ஓட்டக் கூடாது. ஒன்டாரியோவில் கரையில் இருந்து 30 மீட்டருக்குள் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான். வைத்திருக்க வேண்டிய பாதுகாப்புச் சாமான்களின் பட்டியல் 6 மீட்டரைத் தாண்டும்போது மாறும், அரசின் பட்டியலைப் பார்த்து உங்கள் நீளத்துக்கு எது என்று சரிபாருங்கள்.

லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், அளவு பார்த்து. காற்று ஊதிக்கொள்ளும் வகை 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் அனுமதி இல்லை. பெட்டிக்குள் வைத்திருந்தால் பயனில்லை, போட்டிருக்க வேண்டும். ஒன்டாரியோ ஏரி மே மாதத்தில் வெளியே வெயில் அடித்தாலும் ஐந்து டிகிரி அளவில்தான் இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்: விழுந்ததும் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். பத்து நிமிடத்துக்குப் பிறகு நல்ல நீச்சல்காரரும் மிதக்க ஜாக்கெட்டைத்தான் நம்ப வேண்டும்.

படகுகளும் கடலோரக் காவலும் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ ஒன்று பொருத்துங்கள், அதற்கான சான்றிதழையும் எடுங்கள். அவசர அழைப்பு சேனல் 16. கைபேசி நடு ஏரியில் கைவிட்டுவிடும். கிளம்பும் முன் சுற்றுச்சூழல் கனடாவின் நீர்நிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். 20 நாட் (knots, மணிக்கு ஏறக்குறைய 37 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் காற்று என்று எச்சரிக்கை போட்டிருந்தால் பெரிய ஏரிக்கு இல்லை, அன்று குக்ஸ் பே போதும்.

எஞ்சினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் உடலில் மாட்டியே ஓட்டுங்கள். முதல் வாரங்களில் ட்யூபை வீட்டிலேயே விட்டுவிட்டு, அமைதியான இடத்தில் ஒரு மெத்தையைத் தண்ணீரில் போட்டு, அதை மனிதராக நினைத்துத் திரும்பி வந்து ஓட்டுநர் பக்கமாக அணுகி எடுக்கப் பழகுங்கள். ஏணியை இறக்கி, ஜாக்கெட் போட்டபடி வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தண்ணீரில் இருந்து தாமாக ஏறிப் பார்க்கட்டும். ஏற முடியாதவர் யார் என்று அன்று தெரிந்தால், நீளமான ஏணியை அந்த வாரமே வாங்கி மாட்டிவிடலாம்.